உங்களுக்குத் தெரியுமா? எஸ்எஸ்டிக்கு மலைக்குளிர் பகையல்ல

நீலகிரியில் அருவங்காட்டை அடுத்த ஜெகதளாவில் மழைக்கால இரவொன்றில் லேப்டாப் படுத்துவிட்டால், பழியைக் குளிர்மேல் போடத் தோன்றும். அது அநியாயம். லேப்டாப்பின் சேமிப்பகமான எஸ்எஸ்டியின் ஃபிளாஷ் சில்லுகளில் நம் கோப்புகள் மின்னூட்டமாக அடைபட்டிருக்கின்றன. வெப்பம் ஏற ஏறத்தான் அது வேகமாகக் கசியும். ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த சாதாரண எஸ்எஸ்டிகூட, மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்கிறது குறைக்கடத்தித் துறையின் ஜெடெக் தரவிதி. நீலகிரிக் குளிரில் அந்தக் காலம் இன்னும் நீளும்.

அப்படியானால் பழுதானதை ஃப்ரீசரில் வைத்தால் மீளுமா? பழைய ஹார்ட் டிஸ்குக்கே அது அரைகுறை வைத்தியம். எஸ்எஸ்டியிலோ சுழல எதுவுமில்லை, வெளியே எடுத்ததும் படியும் ஈரம்தான் மிச்சம். பல நேரங்களில் சாவது சில்லு அல்ல, அதை ஆளும் கன்ட்ரோலர். சில்லைக் கழற்றிப் படிக்கலாமே என்றால், இன்றைய எஸ்எஸ்டிகள் பல எழுதும்போதே குறியாக்கம் செய்துவிடுகின்றன. கன்ட்ரோலர் இல்லாமல் கிடைப்பது வெறும் குப்பை. அதனால்தான் மீட்பு வல்லுநர்கள் மின்சுற்றைச் சரிசெய்து, அதே கன்ட்ரோலரை எழுப்பப் பாடுபடுகிறார்கள். தவறுதலாக அழித்த கோப்பு வேறு கதை. ‘இந்த இடம் இனி தேவையில்லை’ என்னும் ட்ரிம் கட்டளை போய்விட்டால், காலியான இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும். மென்பொருள் தேடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.