ரவையின் வலுவும் பாதுகாப்பின் எல்லையும்

பொது இடங்களில் தற்காப்பின் நிமித்தம் கைத்துப்பாக்கியை உடன் வைத்திருப்பது அரசியலமைப்பு வழங்கும் உரிமையே என ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. வீட்டினுள் அதனை வைத்திருக்கும் உரிமையை அதே நீதிமன்றம் 2008 ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. துப்பாக்கி வைத்திருப்போரில் 72 சதவீதத்தினர் தற்பாதுகாப்பையே அதற்கான முக்கிய காரணமாகக் கூறுவதாக 2023 ஆம் ஆண்டில் பியூ ஆய்வு நிலையம் நடத்திய கருத்துக்கணிப்பு காட்டியது. உடையின் கீழ் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க சிறிய கைத்துப்பாக்கிகளுக்கு அங்கு பெருஞ்சந்தை உருவாகியிருப்பதில் வியப்பில்லை.

அச்சந்தையில் ஓயாது எழுப்பப்படும் கேள்வி ஒன்றுண்டு. சிறிய துப்பாக்கிக்கு இதைவிட வலுவான ரவை வேண்டாமா என்பதே அது. கேட்பதற்கு இது ஆயுத வியாபாரிகளுக்கும் அவர்களது வாடிக்கையாளர்களுக்கும் மட்டுமே உரிய நுணுக்கமாகத் தோன்றலாம். ஆயினும், கூடிய வலு கூடிய பாதுகாப்பைத் தருமா என்ற பொதுவான வினாவே அதனுள் பொதிந்திருக்கின்றது. அதனாலேயே இதனைச் சற்று விளக்கமாக நோக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

முதலில் சில அடிப்படை விடயங்கள். ரவை என்பது கோது, வெடிமருந்து, அதனைப் பற்றவைக்கும் எரியூட்டி, சன்னம் ஆகிய நான்கும் சேர்ந்த பொருளாகும். அதன் வலு பெரும்பாலும் சன்னத்தின் இயக்க சக்தியைக் கொண்டு அளவிடப்படுகின்றது. சன்னத்தின் திணிவு இரு மடங்கானால் இயக்க சக்தியும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். 1908 ஆம் ஆண்டில் அறிமுகமான .380 கலிபர் ரவையின் சக்தி ஏறத்தாழ 260 ஜூல். 9 மில்லிமீற்றர் ரவைக்கு அது 490 ஜூல் அளவில் இருக்கும். .40 கலிபர் 530 ஜூல் அளவையும், நீண்ட குழலினின்று சுடப்படும் .357 மக்னம் 780 ஜூல் அளவையும் எட்டுகின்றன. வலு என்பது இந்த எண்களோடு முடிந்துவிடுவதாயின் தெரிவும் எளிதாகவே இருந்திருக்கும். ஆனால், ஒரு நூற்றாண்டு கால அனுபவம் வேறொன்றைக் கூறுகின்றது.

இந்த விவாதம் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் போரிட்ட அமெரிக்கப் படையினர், தம் மீது பாய்ந்துவரும் மோரோ போராளிகளை .38 கலிபர் ரிவோல்வரினால் தடுத்து நிறுத்த இயலவில்லை என முறையிட்டனர். அதனையடுத்து 1904 ஆம் ஆண்டில் தொம்சன், லாகார்ட் ஆகிய இரு அதிகாரிகள் சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் கால்நடைகள் மீதும், அத்துடன் மனிதச் சடலங்கள் மீதும் சோதனைகளை நடத்தி, இராணுவக் கைத்துப்பாக்கியின் கலிபர் .45 இற்குக் குறையலாகாது எனப் பரிந்துரைத்தனர். 1911 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட புகழ்பெற்ற .45 பிஸ்டல் இவ்வாறு பிறந்ததே. அதே இராணுவம் 1985 ஆம் ஆண்டில் 9 மில்லிமீற்றருக்கு மாறியது என்பதும், 2017 ஆம் ஆண்டில் புதிய பிஸ்டலைத் தெரிவு செய்தபோதும் அந்த ரவையையே தொடர்ந்தது என்பதும் குறிப்பிடத்தக்கன.

தற்கால விவாதத்துக்கு வித்திட்டது 1986 ஆம் ஆண்டு ஏப்ரில் 11 ஆம் திகதி புளோரிடா மாநிலத்தின் மியாமிப் பகுதியில் நிகழ்ந்த மோதலாகும். வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. எனப்படும் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தின் எட்டு முகவர்கள் வழிமறித்தனர். சில நிமிடங்களே நீடித்த அச்சமரில் ஏறத்தாழ 145 வேட்டுகள் தீர்க்கப்பட்டன. இரு முகவர்கள் கொல்லப்பட்டனர், ஐவர் காயமடைந்தனர், கொள்ளையர் இருவரும் உயிரிழந்தனர். மோதலின் ஆரம்பக் கட்டத்திலேயே பிளாட் என்ற கொள்ளையனின் வலது கையை ஊடுருவி மார்பினுட் புகுந்த 9 மில்லிமீற்றர் சன்னம் ஒன்று, நுரையீரலைச் சிதைத்தபோதிலும் இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. உயிர் பிழைத்தற்கரிய காயமே அது. ஆயினும் அக்காயத்துடனேயே அவன் தொடர்ந்து சுட்டான். முகவர்கள் இருவரின் உயிரைப் பறித்தவனும் அவனே.

இழப்பினால் அதிர்ச்சியுற்ற பணியகம் முழுப்பழியையும் அந்த ஒரு சன்னத்தின் மீது சுமத்தியது எனலாம். கொள்ளையரிடம் இருந்தது றைபிள், முகவர்களில் பெரும்பாலானோரிடம் இருந்தவை கைத்துப்பாக்கிகள் என்ற ஏற்றத்தாழ்வு இரண்டாம் பட்சமாகியது. புதிய ரவைக்கான தேடல் ஆரம்பமானது. மனிதத் தசையை ஒத்த ஜெலற்றின் கட்டியினுள் 12 முதல் 18 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 30 முதல் 46 சென்ரிமீற்றர் வரை, சன்னம் ஊடுருவ வேண்டும் என்ற நியமம் வகுக்கப்பட்டது. 10 மில்லிமீற்றர் ரவை தெரிவாகியது. ஆனால் அதன் முழு வலுவின் பின்னுதைப்பு பலருக்குக் கட்டுப்படுத்தற்கரியதாக இருந்தமையால் வலு குறைக்கப்பட்ட ரவையே பயன்பாட்டுக்கு வந்தது. குறைந்த வலுவுக்கு நீண்ட கோது தேவையில்லை என்பதை உணர்ந்த ஸ்மித் அன்ட் வெசன், வின்செஸ்டர் ஆகிய நிறுவனங்கள் கோதைக் குறுக்கி, 1990 ஆம் ஆண்டில் .40 கலிபர் ரவையை அறிமுகம் செய்தன. அமெரிக்கப் பொலிஸ் திணைக்களங்கள் பல அதனை விரைந்து ஏற்றுக்கொண்டன. எஃப்.பி.ஐ. 1997 ஆம் ஆண்டில் அதற்கு மாறியது.

கால் நூற்றாண்டு கழிந்த பின்னர், 2014 ஆம் ஆண்டில், அதே பணியகத்தின் பயிற்சிப் பிரிவு மீண்டும் 9 மில்லிமீற்றருக்கே திரும்பலாம் என எழுதியது. 2016 ஆம் ஆண்டில் அதற்கான ஒப்பந்தமும் வழங்கப்பட்டது. சென்ற வழியே திரும்பி வந்த இப்பயணத்தின் காரணங்களை ஆராய்வோர்க்கு மூன்று உண்மைகள் புலப்படும்.

முதலாவது, கைத்துப்பாக்கிச் சன்னம் எவரையும் தூக்கி வீசுவதில்லை. திரைப்படங்களில் சுடப்பட்டவர் பின்னோக்கிப் பறந்து விழுவது வெறும் கற்பனையே. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் உந்தம், 9 மில்லிமீற்றர் சன்னத்தின் உந்தத்தைப் போல இரு மடங்குக்கும் அதிகமாகும். .45 சன்னத்தின் உந்தமும் அப்பந்தினதை எட்டாது. ஒருவர் உடனடியாகச் செயலிழப்பது மூளையோ முதுகுத்தண்டின் மேற்பகுதியோ தாக்கப்பட்டால் மட்டுமே. இரத்த இழப்பினாற் செயலிழப்பதற்கோ காலம் தேவை. இதயமே சிதைந்தாலும், மூளையில் எஞ்சியுள்ள ஒட்சிசனைக் கொண்டு ஒருவர் 10 முதல் 15 செக்கன் வரை தாம் எண்ணியதைச் செய்யமுடியும் என எஃப்.பி.ஐ. 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையே கூறியிருந்தது. ஆகவே சன்னம் எங்கே படுகின்றது, எவ்வளவு ஆழம் செல்கின்றது என்பவையே தீர்மானிக்கும் காரணிகள். சன்னத்தின் விட்டம் ஓரிரு மில்லிமீற்றர் கூடுவதால் விளையும் வேறுபாடு சொற்பமே.

இரண்டாவது, சன்னங்களின் அமைப்பு மாறிவிட்டது. முனையிற் குழிவுடையதாய் உடலினுள் விரியும் சன்னங்கள் 1986 இல் இருந்தவற்றைக் காட்டிலும் பெரிதும் செம்மையடைந்துள்ளன. இன்றைய தரமான 9 மில்லிமீற்றர் சன்னம் மேற்கூறிய ஆழ நியமத்தை நிறைவு செய்கின்றது. விரியும் சன்னங்களுக்குப் பழைய பெயர் ஒன்றுண்டு. கல்கத்தாவுக்கு அருகேயுள்ள டம் டம் ஆயுதச்சாலையின் பெயரால் வழங்கிய அவற்றைப் போரில் பயன்படுத்தலாகாது என 1899 ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் விலக்கியது. போர்க்களத்தில் விலக்கப்பட்ட அதே அமைப்பு நகர வீதியில் விரும்பப்படுவதற்கு, சன்னம் உடலைத் துளைத்து வெளியேறி வழிப்போக்கரைத் தாக்கும் அபாயம் குறைவு என்பது காரணமாகக் கூறப்படுகின்றது.

மூன்றாவது, வலுவுக்குரிய விலையைச் சுடுபவரின் கையே செலுத்துகின்றது. சன்னம் முன்னோக்கிப் பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறும். துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னுதைப்பின் சக்தி இரு மடங்காகும். பொலிஸ் அதிகாரிகள் மோதல்களின்போது தீர்க்கும் வேட்டுகளில் சராசரியாக 20 முதல் 30 சதவீதம் மட்டுமே இலக்கைத் தாக்குகின்றன என எஃப்.பி.ஐ. தனது 2014 ஆம் ஆண்டு ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. பயிற்சி பெற்றோரின் நிலையே இதுவாயின், ஏனையோரைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. பின்னுதைப்புக் குறைந்த ரவையைக் கொண்டு முகவர்கள் விரைவாகவும் குறி தவறாதும் சுட்டனர் என்பதே பணியகத்தின் முடிவாகும்.

சிறிய துப்பாக்கிகளுக்கு இவ்வுண்மைகள் மேலும் கூர்மையாகப் பொருந்துகின்றன. குழல் குறுகியதாகையால் வெடிமருந்து முழுப்பயனைத் தருமுன்னரே சன்னம் வெளியேறிவிடும். .357 மக்னம் போன்ற ரவைகளின் மேலதிக வலுவில் கணிசமான பங்கு தீப்பிழம்பாகவும் பேரொலியாகவும் விரயமாகின்றது. சுடுபவருக்குக் கிடைப்பது கையிலே வலியும், இரண்டாவது வேட்டுக்குத் தாமதமுமே. மறுபுறத்தில் .380 ரவையின் விரியும் சன்னங்கள் பல வேளைகளில் போதிய ஆழம் செல்வதில்லை. 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த சிக் பீ 365 போன்ற மிகச்சிறிய பிஸ்டல்களே 10 ரவைகளைக் கொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்டதன் பின், 9 மில்லிமீற்றர் இடைநிலைத் தெரிவாக நிலைபெற்றுவிட்டது. 2022 ஆம் ஆண்டில் பெடரல் நிறுவனம் அறிமுகம் செய்த .30 சுப்பர் கரி ரவையும், ஒல்லியான ரவைகளைக் கூடுதலாக நிரப்பலாம் என்ற வாதத்தையே முன்வைத்தது.

இத்துடன் விளக்கம் முடிவுறுமாயின் அது அரை விளக்கமே. வலுவான ரவை எதிராளியை அக்கணமே நிறுத்தும் என்பதற்கு உறுதியில்லை எனக் கண்டோம். அவ்வாறாயின் கூடிய வலுவினால் எதுவும் மாறுவதில்லையா? மாறுகின்றது. பொஸ்டன் நகரில் 2010 முதல் 2014 வரை இடம்பெற்ற துப்பாக்கிச்சூடுகளை ஆராய்ந்து ஆய்வாளர்களான பிராகா, குக் ஆகியோர் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் இங்கு கவனத்துக்குரியன. காயங்களின் எண்ணிக்கையும் அவை ஏற்பட்ட இடங்களும் கலிபருக்கேற்ப வேறுபடவில்லை. ஆனால் .22, .25, .32 போன்ற சிறு கலிபர்களுடன் ஒப்பிடுகையில், சுடப்பட்டவர் மரணமடையும் வாய்ப்பு விகிதம் 9 மில்லிமீற்றரை உள்ளடக்கிய நடுத்தர கலிபர்களில் ஏறத்தாழ 2.3 மடங்காகவும், பெரிய கலிபர்களில் ஏறத்தாழ 4.5 மடங்காகவும் இருந்தது. அனைத்தும் சிறு கலிபர்களாக இருந்திருப்பின் கொலைகள் ஏறத்தாழ 40 சதவீதத்தால் குறைந்திருக்கும் என அவர்கள் கணித்தனர்.

நிறுத்துவதும் கொல்வதும் ஒன்றல்ல என்பதே இதன் பொருளாகும். மியாமியில் பிளாட்டின் மார்பிற் பாய்ந்த சன்னம் கொல்லவல்லதாக இருந்தது, நிறுத்தவல்லதாக இருக்கவில்லை. வலுவைக் கூட்டுபவர் தமக்கெனப் பெறும் பாதுகாப்பு ஐயத்துக்குரியது. பிறருக்கு அவர் கூட்டும் மரண அபாயமோ ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அந்தப் பிறர் எப்போதும் கொள்ளையராகவே இருப்பர் என்பதற்கும் உத்தரவாதமில்லை. கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்போர் பற்றி 2020 ஆம் ஆண்டில் வெளியான பெரும் ஆய்வு, அதனை வைத்திராத ஆண்களுடன் ஒப்பிடுகையில் வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் ஏறத்தாழ 8 மடங்கு எனவும், பெண்களிடையே அது ஏறத்தாழ 35 மடங்கு எனவும் கண்டறிந்தது. அந்த வேளையில் குறி தவறுவதில்லை. ரவையின் வலு பற்றிய விவாதத்துக்கும் இடமில்லை.

சட்டத்தின்படி ஆயுதம் தரிக்க முடிவெடுத்த ஒரு அமெரிக்கர் எந்த ரவையைத் தெரிவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, ஒரு நூற்றாண்டின் அனுபவம் தரும் விடை ஆரவாரமற்றது. தம் கைக்கு அடங்குவதும், போதிய ஆழம் செல்வதும், பயிற்சியின்போது அஞ்சாது பலமுறை சுடத்தக்கதுமான ரவையே போதுமானது. அதற்கு மேலான வலுவை நாடுவது அச்சத்தின் தூண்டுதலேயன்றி அறிவின் தூண்டுதலன்று. ஆயுதத்தைப் பூட்டி வைப்பதும், அதனை எடுக்கக் கூடாத வேளையை அறிந்திருப்பதும் எந்த ரவைப் பெட்டியிலும் அச்சிடப்படாத, ஆனால் எண்ணற்ற உயிர்களைக் காக்கவல்ல தெரிவுகளாகும். வலுவை விலைக்கு வாங்கலாம். நிதானத்தை அவ்வாறு வாங்க இயலாது.