டூவே: மேலே படுப்பதா, உள்ளே படுப்பதா?

தலைப்பைப் பார்த்ததும் "இது என்னடா புதுசா இருக்கு?" என்று தோன்றுகிறதா? போன ஜனவரி வரைக்கும் எனக்கும் தெரியாதுங்க.

சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு ஊட்டி போயிருந்தோம். ராத்திரி தங்கின லாட்ஜில், கட்டில் மேல் வெள்ளை வெளேர் என்று இட்லி மாதிரி உப்பலாக ஒன்று விரித்திருந்தார்கள. மெத்தைக்கு மேல் இன்னொரு மெத்தை போல என்று நினைத்து, எல்லோரும் அதன் மேலேயே படுத்துவிட்டோம். போர்த்திக்கொள்ள வீட்டிலிருந்து கொண்டுபோன சென்னிமலை பெட்ஷீட். காந்திபுரத்தில் மார்கழிக் குளிருக்கே அது தாராளம். ஆனால் ஊட்டியில் ஜனவரி ராத்திரி 5, 6 டிகிரிக்கு இறங்கிவிடும். சில நாள் புல்வெளியில் உறைபனியே விழும். எனக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது.

அமுச்சி பாவம், சுருண்டு படுத்திருந்தார். "கண்ணு, ஒரு சட்டியில கொஞ்சம் கரி நெருப்பு வாங்கி வைங்க. கதவச் சாத்திட்டா கதகதன்னு இருக்கும்" என்றார். மாமா எழுந்து உட்கார்ந்து, "அது மட்டும் வேண்டாம்மா" என்றார்.

ஏன் தெரியுமா? கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். மூடிய அறையில் தூங்குகிறவருக்கு மூச்சுத் திணறுகிற உணர்வுகூட வராது. அப்படியே போய்விடுவார். மலை ஊர்களில் அடுப்புக் கரியை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

மாமா கம்பளி கேட்கக் கீழே போனார். கூட வந்த ரூம் பாய் அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏனுங்க, இதுக்குள்ள பூந்துல்ல படுக்கோணும்! மேல படுத்தா எப்படிங்க குளிர் தாங்கும்?"

அதுதான் டூவே. வடநாட்டு ரஜாய்க்குச் சொந்தக்காரன். பெயர் பிரெஞ்சுச் சொல். பறவையின் மென்மையான அடிச்சிறகு என்று அர்த்தம். வாத்துச் சிறகு அடைத்தது விலை அதிகம். லாட்ஜ்களில் பெரும்பாலும் பாலியஸ்டர் பஞ்சுதான் இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். போர்வை சூடு தருவதே இல்லை! சூடு நம் உடம்பினுடையது. காற்று ஓர் அரிதிற்கடத்தி என்று பாடத்தில் படித்தோம் அல்லவா? டூவேயின் பஞ்சு இழைகளுக்கு நடுவே காற்று அசையாமல் மாட்டிக்கொள்கிறது. அதனால் உடம்புச் சூடு வெளியே போவதில்லை. நாங்கள் மேலே படுத்து அதை நசுக்கியதும் காற்றெல்லாம் போய்விட்டது. அப்புறம் அது வெறும் துணிதான். இதனாலேயே டூவே மேல் கனமான கம்பளியை அடுக்கவும் கூடாது.

நம்பாதவர்கள் இரண்டு டம்ளரில் ஐஸ் கட்டி போட்டு, ஒன்றை மட்டும் போர்வையில் சுற்றி வையுங்கள். எது முதலில் உருகுகிறது? நான் செய்து பார்த்தேன். சுற்றாததுதான் உருகியது. வெளிச்சூட்டையும் போர்வை உள்ளே விடாது. பார் ஐஸை மரத்தூளிலும் சாக்கிலும் மூடி வைப்பது இதற்குத்தான்.

டூவேவுக்குத் தலையணை மாதிரியே தனி உறை உண்டு. உறையை மட்டும் கழற்றித் துவைத்தால் போதும். மாட்டுவதுதான் பெரிய மல்லுக்கட்டு! அண்ணன் சுலபமாகச் செய்தார். உறையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, கைகளை உள்ளே விட்டு அடி மூலைகள் இரண்டையும் பிடித்தார். அதே கையால் உறைத்துணியோடு சேர்த்து டூவேயின் இரண்டு மூலைகளைப் பிடித்து ஓர் உதறு உதறினார். உறை தானாகக் கீழே இறங்கிவிட்டது. சில உறைகளில் மூலையில் நாடா இருக்கும், அதைக் கட்டிவிட்டால் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்காது. காலையில் எழுந்ததும் உதறிவிட்டால் மறுபடி உப்பிக்கொள்ளும். ஈரத்தோடு மட்டும் மடித்து வைக்கக் கூடாது, பூஞ்சை வரும்.

முகத்தை மூடிப் படுக்காதீர்கள். வீட்டில் ஒரு வயதுக்குக் கீழே தம்பி, தங்கச்சி பாப்பா இருந்தால் டூவேயைப் போர்த்தவே வேண்டாம். முகத்தில் விழுந்தால் அதுகளால் தள்ளிவிட முடியாது.

கோயமுத்தூருக்கு இது தேவையா? ஏசி ரூம் இருந்தால் சரி, இல்லையென்றால் வேர்த்துக் கொட்டும். என் ஓட்டு சென்னிமலை பெட்ஷீட்டுக்குத்தான்.

அன்றைக்கு ராத்திரி டூவேக்குள் புகுந்த பத்தாவது நிமிஷம் முதல் குறட்டை அமுச்சியுடையது. காலையில் அதைத் தடவிப் பார்த்து, "உள்ள இலவம் பஞ்சுங்களா?" என்று அந்த அண்ணனிடம் கேட்டார்.