சாயங்காலமானால் வீறிடும் பிள்ளை

பகலெல்லாம் பால் குடித்துத் தூங்கிய கைக்குழந்தை, விளக்கு வைக்கும் நேரத்தில் சிணுங்கத் தொடங்கும். சற்று நேரத்தில் அது அலறலாகிவிடும். முகம் சிவக்கும், முஷ்டி இறுகும், முழங்கால் வயிற்றுக்கு ஏறும், வயிறு கெட்டிப்படும், காற்று பிரியும். மார்பில் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கண் பட்டுவிட்டது, உரம் விழுந்துவிட்டது, பால் பற்றவில்லை. கடைசியில் எல்லோரும் பிள்ளை பெற்றவளிடம் வந்து நிற்பார்கள்: "மத்தியானம் நீ என்ன சாப்பிட்டே?"

இப்படி அழும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நோய் எதுவும் இருப்பதில்லை. தாயின் சாப்பாட்டிலும் தப்பு இருப்பதில்லை. மருத்துவர்கள் இதைக் 'கோலிக்' என்கிறார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது. தாய்ப்பால் குடிப்பது, பவுடர் பால் குடிப்பது, ஆண், பெண், தலைப்பிள்ளை, அடுத்த பிள்ளை என்ற பேதமெல்லாம் இதற்குக் கிடையாது.

எப்படி அடையாளம் காண்பது?

1954இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெஸ்ஸல் ஒரு கணக்குச் சொன்னார். நன்றாக வளரும் குழந்தை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக். இன்று மருத்துவர்கள் கடிகாரத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. ஐந்து மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தை, காரணம் தெரியாமல், தேற்றினாலும் தேறாமல், திரும்பத் திரும்ப நெடுநேரம் அழ வேண்டும்; காய்ச்சலோ நோயோ இருக்கக் கூடாது; எடை சரியாக ஏற வேண்டும். இவ்வளவு போதும்.

அழுகை பொதுவாக இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கும். ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்தைத் தொடும். பிறகு குறைந்துகொண்டே வந்து, மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த வாரக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து பார்க்காமல், பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து பார்க்க வேண்டும். பிரேசல்டன் என்ற மருத்துவர் 1962இல், ஆரோக்கியமான குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களையே குறிப்பெழுதச் சொல்லிப் பார்த்தார். ஆறாவது வாரத்தில் அவை நாளுக்குச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. இவை கோலிக் என்று யாரும் பெயர் வைக்காத சாதாரணக் குழந்தைகள்.

ஏன் அழுகிறது?

உறுதியான விடை இதுவரை இல்லை. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கலவை இன்னும் நிலைப்படாதது, வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்கி அமைதிக்குத் திரும்பும் பக்குவம் நரம்பு மண்டலத்துக்கு இன்னும் வராதது, பால் குடிக்கும்போது காற்றையும் விழுங்குவது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் பசும்பால் புரத ஒவ்வாமை இருக்கும். வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் கோலிக் அதிகம் என்பதும் தெரிந்த விஷயம்.

வாயுத் தொல்லை பற்றி ஒரு வார்த்தை. காலை மடக்குவதும் வயிறு கெட்டிப்படுவதும் எந்தக் குழந்தை பலமாக அழுதாலும் நடக்கும். அழும்போது குழந்தை காற்றை விழுங்குகிறது. அந்தக் காற்றுதான் பிறகு பிரிகிறது. ஆக, வாயுவால் அழுதது என்று நாம் நினைப்பது பல நேரம் அழுததால் வந்த வாயு.

துணியைக் கழற்றிப் பாருங்கள்

கோலிக் என்று முடிவுகட்டுமுன் குழந்தையின் உடுப்பு முழுவதையும் கழற்றி, உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு முடி கொட்டும். அதில் ஒரு இழை காலுறைக்குள் புகுந்து கால்விரலைச் சுற்றி இறுக்கிவிடுவதுண்டு. விரல் வீங்கிச் சிவந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆண் குழந்தையின் குறியையும் இப்படிப் பார்க்க வேண்டும். அரைஞாண் கயிறு, கால் காப்பு இறுகியிருக்கிறதா, எறும்பு கடித்திருக்கிறதா, தொடை இடுக்கில் புடைப்பு இருக்கிறதா என்பதும் முக்கியம். சித்திரை வெயிலில் குல்லா, ஸ்வெட்டர், கம்பளி மூன்றையும் போட்டுவிட்டுப் பிள்ளை ஏன் கத்துகிறது என்று கேட்கும் வீடுகளும் இருக்கின்றன.

இவை தெரிந்தால் காத்திருக்கக் கூடாது: மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பீய்ச்சியடிக்கும் வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, மூச்சுத் திணறல், உச்சிக்குழி புடைத்திருப்பது, வலிப்பு, சிறுநீர் வெகுவாகக் குறைவது. வழக்கமான அழுகை திடீரென்று வேறு மாதிரியாக, ஈனமாகவோ கீச்சுக் குரலிலோ மாறினாலும் காட்டிவிட வேண்டும். நள்ளிரவானாலும் 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

தேற்றும் வழிகள்

எல்லாக் குழந்தைக்கும் பலிக்கும் ஒரே வழி கிடையாது. நேற்றுப் பலித்தது இன்று பலிக்காமலும் போகும். தூக்கி வைத்துக்கொண்டால் கெட்டுப் பழகிவிடும் என்ற பேச்சை இந்த மூன்று மாதத்துக்காவது காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்த வயதில் குழந்தைக்கு அப்படிப் பழகத் தெரியாது. சட்டையில்லாத மார்பில் குழந்தையைச் சாய்த்து, மேலே மெல்லிய துணி போர்த்தி மெதுவாக நடக்கலாம். முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலையை முழங்கைப் பக்கம் தாங்கி, மறுகையால் முதுகைத் தடவலாம். மரக்கிளையில் தொங்கும் புலிக்குட்டி போலக் கிடக்கும் இந்த நிலையில் பல குழந்தைகள் அடங்கிவிடும். ஆனால் தூங்கியதும் மல்லாக்கப் படுக்கவைத்துவிட வேண்டும்.

தூளியில் ஆட்டினால் பல குழந்தைகளுக்கு நிம்மதி. ஆனால் சேலைக்குள் கழுத்து மடங்கி மூச்சு தடைபடக்கூடும். கண்பார்வையில் வைத்து ஆட்டலாம், இரவு முழுக்க அதிலேயே விட வேண்டாம். மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சலோ, 'ஷ்ஷ்' என்ற சத்தமோ உதவும். கைபேசியில் அந்த ஒலியைப் போடுவதானால் காதுக்குத் தள்ளி, தணிவாக இருக்கட்டும். துணியில் சுற்றினால் கைகளை மட்டும் அணைத்து, இடுப்பும் காலும் அசைய இடம் விடுங்கள்.

சும்மா இருப்பதும் ஒரு வைத்தியம்தான். பிள்ளை பார்க்க வந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றித் தூக்க, பக்கத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தால், எந்தக் குழந்தைக்கும் சாயங்காலம் பொறுமை போய்விடும். விளக்கைத் தணித்து, டிவியை அணைத்து, ஒரே ஆள் வைத்திருந்து பாருங்கள்.

பால் கொடுக்கும்போது காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாகக் குடித்து முடித்த பிறகே மறுபக்கம் மாற்ற வேண்டும். குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யலாம். நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுமான அளவு இருக்கிறது. அழுகையை மட்டும் பார்த்துப் பவுடர் டப்பாவை உடைப்பதுதான் இந்த விஷயத்தில் நம் வீடுகள் செய்யும் பெரிய தவறு என்று சொல்வேன். தாய் பருப்பையும் காய்கறியையும் விட்டுவிட்டு ரசம் சாதத்தில் காலம் தள்ளத் தேவையில்லை. ஒவ்வாமைச் சந்தேகம் இருந்தால் மட்டும், மருத்துவர் சொல்லும் சில வாரங்களுக்குப் பால் பொருள்களை நிறுத்திப் பார்க்கலாம்.

உரைகல்லும் பாட்டிலும்

கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தது. அன்றைய கலவையில் சோடா உப்பும் சதகுப்பை எண்ணெயும், கூடவே ஆல்கஹாலும் இருந்தன. குழந்தை மயங்கித் தூங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இப்போது ஆல்கஹால் சேர்ப்பதில்லை. கோலிக்கைக் கிரைப் வாட்டர் தீர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்ற விதி ஓம வாட்டருக்கும் சர்க்கரைத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான். சேனை வைக்கும் தேனால் கைக்குழந்தைக்கு 'பாட்டுலிசம்' என்ற நச்சு நோய் வரலாம். ஒரு வயது வரை தேன் கூடாது.

உரை மருந்தை எடுத்துக்கொள்வோம். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் காலங்காலமாகக் கொடுத்தவைதான். பிள்ளை வளர்ப்பான் என்றே வசம்புக்குப் பெயர். ஆனால் வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அதனால்தான் 1968இல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. இத்தனை உரசு என்ற அளவு பாட்டிக்குப் பாட்டி மாறும். கல் சுத்தமாக இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. பாட்டியின் கையை மதிக்கிறேன். அந்தக் கை பிள்ளையின் முதுகைத் தடவட்டும், வாய்க்குள் எதையும் ஊற்ற வேண்டாம். உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் சிமெத்திகோன் ஆபத்தில்லாதது, ஆனால் வெறும் சர்க்கரைப் பாகைவிட அதிகப் பலன் ஆய்வுகளில் தெரியவில்லை. டைசைக்ளோமின் சேர்ந்த சொட்டு மருந்து அப்படியல்ல. மூச்சுத் திணறலும் வலிப்பும் வந்திருப்பதால், ஆறு மாதத்துக்குக் கீழே அதைக் கொடுக்கவே கூடாது. பாட்டிலைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். லாக்டோபேசிலஸ் ரியூட்டரி என்ற நல்ல பாக்டீரியா, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் அழுகையை ஓரளவு குறைக்கிறது. பவுடர் பால் குழந்தைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. அதையும் மருத்துவர் சொன்னால்தான் கொடுக்க வேண்டும்.

தூக்கி வைத்திருப்பவர்

இரண்டு மணி நேர அலறலுக்குப் பிறகு யாருக்கும் ஆத்திரம் வரும். அந்த ஆத்திரத்தில் குழந்தையைக் குலுக்கினால் சில விநாடிகளில் மூளையில் ரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரே போகலாம். கை நடுங்குகிறது என்று தெரிந்தால் குழந்தையைத் தரையில் விரித்த பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அறையை விட்டு வெளியே போங்கள். பத்து நிமிடம் தனியாக அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. சாயங்கால முறை அப்பாவுடையது என்று வீட்டில் பேசிவைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பிரசவித்த உடம்பு அந்த நேரத்தில் குளித்துச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கண்ணயரட்டும்.

அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது வாரத்தில்தான் தடுப்பூசிக்கும் போக வேண்டியிருக்கும். அன்று குழந்தையை எடை போடுவதோடு, தாய்க்கு இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் கண்ணீர் வருகிறது என்றால் அதையும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள். அவள் வாய் திறக்காவிட்டால் கூடப் போனவர் சொல்லலாம்.