எந்த இணைப்பில் இருந்தாலும் மெயில் போக வேண்டும்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஏற்றுமதி பார்க்கிறவர்களின் லேப்டாப், ஒரே நாளில் நான்கு இணைப்புகளுக்கு மாறிவிடும். காலையில் வீட்டு ஃபைபர், பிறகு கம்பெனி வைஃபை, மதியம் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பு அலுவலகம், மாலையில் சென்னை ரயிலில் செல்போன் ஹாட்ஸ்பாட். பேரணாம்பட்டு முதல் மேல்விஷாரம் வரை இத்தகைய அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பார்ப்பது என் வேலை. எனக்கு அதிகம் வரும் போன் இதுதான்: "அண்ணா, மெயில் வருது, ஆனா போக மாட்டேங்குது."

அவுட்பாக்ஸில் நிற்பது இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் என்றால் சரக்கும் நிற்கும். பழியோ, அனுப்பு பட்டனை அழுத்திய பெண் மேல் விழும். அதனால்தான் இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

மெயில் வருவது ஒரு வழி, போவது வேறு வழி. அனுப்பும் வழிக்குப் பெயர் எஸ்.எம்.டி.பி. 1982இல் ஜான் போஸ்டல் அதன் விதிகளை எழுதியபோது, அனுப்புகிறவரிடம் பாஸ்வேர்ட் கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அந்தக் காலத்தில், இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் சர்வர் வழியாகவே மெயில் அனுப்புவது வழக்கம். தன் இணைப்பிலிருந்து வந்தால் சர்வர் வாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வந்தால் மறுத்துவிடும். எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று மட்டும் பார்த்து உள்ளே விடும் வாட்ச்மேன் போல. மேஜைக் கம்ப்யூட்டருக்கு அது போதும். ஊர் ஊராகப் போகும் லேப்டாப்புக்கு, அடையாள அட்டையைப் பார்க்கும் வாட்ச்மேன்தான் வேண்டும்.

அந்த ஏற்பாடு வந்து வெகுகாலம் ஆகிறது. பழைய வழியான 25ஆம் போர்ட்டில் குப்பை மெயில் பெருகியதால், பல இணைப்பு நிறுவனங்கள் அதை அடைத்துவிட்டன. மெயில் அனுப்புகிறவர்களுக்கென்றே 1998 டிசம்பரில் 587ஆம் போர்ட் ஒதுக்கப்பட்டது. பாஸ்வேர்ட் கொடுத்தால் ஆம்பூரோ மிலனோ, சர்வருக்கு ஒன்றுதான். இன்றும் 25இல் நிற்கும் செட்டிங்கை நான் அடிக்கடி பார்க்கிறேன். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அனுப்பும் சர்வர் என்ற இடத்தில், உங்கள் மெயில் முகவரி எந்த நிறுவனத்திடம் இருக்கிறதோ அதன் சர்வர் பெயரைக் கொடுங்கள். போர்ட் 587 என்றால் பாதுகாப்பு முறை ஸ்டார்ட்-டி.எல்.எஸ்.; 465 என்றால் எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ். யூசர் நேமில் பெரும்பாலும் முழு மெயில் முகவரி. 'அனுப்பும் சர்வருக்கும் பாஸ்வேர்ட் தேவை' என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். ஜிமெயிலை வேறு மெயில் புரோகிராமில் வைத்திருந்தால், சில சமயம் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் கேட்கும்.

ஊருக்கு ஊர் சர்வர் பெயரை மாற்றாதீர்கள். உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்.பி.எஃப். என்ற பதிவில் இருக்கிறது. அதில் இல்லாத சர்வர் வழியாகப் போனால், பையரின் ஸ்பாம் பெட்டியில் விழ வாய்ப்பு அதிகம். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதில் இன்னும் கறாராகிவிட்டன.

வெளியூரில் மெயில் நின்றால், முதலில் பிரவுசரைத் திறந்து பாருங்கள். ஹோட்டல் வைஃபை லாகின் பக்கம் அங்கே காத்திருக்கலாம். அடுத்து 587ஐ 465 ஆக்கிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். அதில் போனால், ஹோட்டல் இணைப்புதான் தடுக்கிறது என்று தெரிந்துவிடும். அவசரத்துக்குப் பிரவுசரிலேயே மெயிலைத் திறந்து அனுப்பிவிடலாம்.

சர்டிஃபிகேட் சரியில்லை என்ற எச்சரிக்கை வந்தால் மட்டும் 'பரவாயில்லை' என்று தாண்டாதீர்கள். தாண்டினால் பாஸ்வேர்ட் திருடர் கைக்குப் போய்விடலாம். அப்படிப் போனால், உங்கள் இன்வாய்ஸில் பேங்க் அக்கவுண்ட் எண்ணை மாற்றி, உங்கள் பெயரிலேயே பையருக்கு அனுப்பிவிடுவார்கள். பல மாத உழைப்பின் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். நந்தம்பாக்கம் தோல் கண்காட்சிக்கோ மிலனுக்கோ ஆள் அனுப்பும் முன், ஆபீஸ் வைஃபையை அணைத்து, செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு சோதனை மெயில் அனுப்பச் சொல்லுங்கள். அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகு லேப்டாப்பைக் கையில் கொடுங்கள்.