சூறாவளியின் கண் டிவியில் தெரிந்தது எப்படி?

1961 செப்டம்பரில் கார்லா சூறாவளி டெக்சாஸ் கரையை நெருங்கியபோது, ஹூஸ்டனின் கேஎச்ஓயூ டிவி செய்தியாளர் டான் ராதர் கேமராவோடு கால்வெஸ்டன் வானிலை அலுவலகத்துக்கே போய்விட்டார். அங்கே டபிள்யூஎஸ்ஆர்-57 ரேடார் இருந்தது.

ரேடார் மழையை எப்படிப் பார்க்கிறது? சுழலும் ஆன்டெனா நுண்ணலைத் துடிப்புகளை அனுப்புகிறது. அவற்றில் ஒரு துளி பங்கு மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகிறது. போய்வர ஒரு மில்லிநொடி ஆனால், மழை 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அலைநீளம் ஏன் சுமார் 10 சென்டிமீட்டர்? குறைந்த அலைநீளம் என்றால், முன்னால் கொட்டும் கனமழையே பெரும்பகுதியை விழுங்கிவிடும். பின்னால் இருப்பது தெரியாது. சூறாவளியின் கண்ணில் மழை இல்லை. அதனால் வெளிச்ச வளையத்தின் நடுவே அது இருண்ட துளையாகத் தெரியும்.

ஆனால் வெறும் வெளிச்சத் திட்டுகளைப் பார்த்து வீட்டில் இருப்பவருக்கு என்ன புரியும்? ராதர் கேட்டுக்கொண்டபடி, மெக்சிகோ வளைகுடாவின் கரைக்கோடு வரைந்த கண்ணாடித்தாளை ரேடார் திரைமேல் வைத்தார்கள். சூறாவளியின் பருமன் சட்டென்று விளங்கியது. என் கணக்கில், அன்றைய உண்மையான கண்டுபிடிப்பு அந்தத் தாள்தான்.

டெக்சாஸ், லூசியானா கரையோரங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். அதில் டிவிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். செப்டம்பர் 11-ல் கார்லா கரை கடந்தது. காற்று வீசும் வேகத்தை மட்டும் அந்த ரேடாரால் அளக்க முடியவில்லை. அதை அளக்கும் டாப்ளர் ரேடார்கள் அமெரிக்கா முழுக்கப் பரவியது 1990-களில்தான்.