பிரெஞ்சு வினைச்சொல்லுக்கு அஞ்ச வேண்டாம்!

உல்லாஸ்நகரிலிருந்து மின்ரயிலில் மும்பை அலுவலகங்களுக்குச் செல்லும் குமாஸ்தா நண்பர்களே! "ஆங்கிலமே தகராறு, பிரெஞ்சு எப்படி வரும்?" என்று தயங்க வேண்டாம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் தமிழர்கள் கற்ற மொழிதானே! தமிழே கைகொடுக்கும்.

பேசுகிறேன், பேசுகிறோம் என ஆளுக்கேற்ப நம் வினை மாறுகிறதல்லவா? பிரெஞ்சிலும் அப்படியே: 'ஜெ பர்ல்' (நான் பேசுகிறேன்), 'நூ பர்லோன்' (நாங்கள் பேசுகிறோம்). நண்பனுக்கு 'தியூ', அதாவது நீ. மேலதிகாரிக்கு 'வூ', அதாவது நீங்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை!

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' விளங்கிவிடும். பிரெஞ்சிலோ நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் 'பர்ல்' என்ற ஒரே ஓசைதான். ஆகவே 'ஜெ'யை விடக்கூடாது.

'எத்ர்' (இரு), 'அவ்வார்' (உடைத்தாயிரு), 'அலே' (போ) ஆகியவை விதிக்கு அடங்காதவை, மனப்பாடமே வழி. போகும்போது ஒரு வினை, திரும்பும்போது அதே வினை. சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்!