துவர்ப்பின் வேதியியல்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 முதல் 1,600 மீற்றர் வரையான உயரத்தில் பரந்துள்ள திம்புள்ள மலைச்சரிவுகளில் பறிக்கப்படும் தேயிலைக் கொழுந்தின் உலர்நிறையில் ஏறத்தாழ கால்பங்கு பொலிபீனோல்களாகும். தேநீரின் துவர்ப்புக்கு இச்சேர்வைகளே பெரிதும் காரணமாகின்றன. உமிழ்நீரிலுள்ள புரதங்களை இவை பற்றித் திரளச் செய்வதால்தான் நாக்கு உலர்ந்ததுபோன்ற உணர்வு தோன்றுகிறது. புரதத்தைப் பற்றும் இந்தக் குணத்தை மனத்தில் இருத்தினால், தேயிலைச் சாற்றுக்குக் கூறப்படும் மருத்துவப் பயன்களில் எதை நம்பலாம், எங்கே நிதானம் வேண்டும் என்பது பெருமளவு தெளிவாகும்.

வாட்டிய கொழுந்து ரோலரில் நசுங்கும்போது, இலைக்கலங்களில் தனித்தனியே இருந்த கற்றச்சின்கள் என்னும் பொலிபீனோல்களும் பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்னும் நொதியமும் ஒன்றுகலக்க, காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையுடன் செம்மஞ்சள் நிறத் தியாஃபிளவின்களும் கபில நிறத் தியாருபிஜின்களும் உருவாகின்றன. 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுப் பரப்பில் இம்மாற்றங்களும் அடங்கும்.

உடலின் வளர்சிதைமாற்றத்தில் தோன்றும் சுயாதீன மூலிகங்கள், அதாவது இணையற்ற இலத்திரனைக் கொண்ட நிலையற்ற துணிக்கைகள், கலங்களைச் சிதைக்கக்கூடியவை. அவற்றுக்கு இலத்திரனை ஈந்து அடக்கும் பொருள்களே ஒட்சியேற்ற எதிரிகள். ஆய்வுகூடத்தில் டிபிபிஎச் என்னும் ஊதாநிறக் கரைசலில் தேயிலைச் சாற்றைச் சேர்த்து, நிறம் மங்கி மஞ்சளாகும் அளவைக் கொண்டு இவ்வாற்றல் மதிப்பிடப்படுகிறது. தேயிலை இச்சோதனையில் சிறப்பாகவே தேறுகிறது; ஆனால் அருந்திய பொலிபீனோலில் மிகச் சிறு பங்கே குருதியை அடைவதால், சோதனைக்குழாயின் எண்ணை உடலின் பயனாக விளம்பரப்படுத்துவது நேர்மையன்று.

நொதியத் தடுப்பின் கதை இதனினும் சுவையானது. சிறுகுடற் சுவரிலுள்ள அல்பா குளுக்கோசிடேஸ் மாப்பொருளின் சிறு துண்டுகளைக் குளுக்கோசாக்குகிறது. அதன் வேகத்தைக் குறைத்தால் உணவுக்குப்பின் குருதிச் சர்க்கரை மெதுவாக உயரும் என்பதாலேயே அகார்போஸ் என்னும் மருந்து நீரிழிவு நோயாளருக்குத் தரப்படுகிறது. இலங்கையின் கொத்தலஹிம்புட்டுக் கொடியிலிருந்து 1997ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இனங்கண்ட சலசினோல், சர்க்கரையை ஒத்த வடிவத்துடன் இந்நொதியத்தின் செயலிடத்திலேயே அமர்ந்துகொள்கிறது. தியாஃபிளவின்களும் ஆய்வுகூடத்தில் இதே நொதியத்தைத் தடுக்கின்றன. எனினும் நொதியமும் ஒரு புரதமே என்பதால் பற்றும் இவை, உணவிலுள்ள பிற புரதங்களையும் பாலின் கேசினையும் பற்றக்கூடியவை. ஆகவே, நீரிழிவு மருந்தை நிறுத்திவிட்டுத் தேநீரை நாடுவதற்கு இந்தச் சான்று போதவே போதாது.

பொலிபீனோல்கள் இரும்பையும் பற்றும். கட்டற்ற இரும்பு சுயாதீன மூலிகங்களைத் தோற்றுவிக்கக்கூடியது என்பதால் இதுவும் ஒட்சியேற்ற எதிர்ப்பின் ஒரு வழியே. ஆனால் உணவுத்தட்டில் அது இழப்பாகிறது. 1999ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பாணுடன் அருந்திய கறுப்புத் தேநீர் இரும்பு அகத்துறிஞ்சலை 79 முதல் 94 சதவீதம் வரை குறைத்தது. கொழுந்து பறிக்கப் புறப்படுமுன் ரொட்டியும் சாயத்தேநீரும் உட்கொள்ளும் தோட்டப் பெண்களுக்கு, குருதிச்சோகை நெடுநாளைய துன்பமாக இருக்கையில், சுகாதார அறிவுரைகளில் முதலிடம் பெறவேண்டிய செய்தி இது. தேநீரைக் கைவிடவேண்டியதில்லை: 2017ஆம் ஆண்டில் பிரித்தானியப் பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து அருந்தியபோது இத்தடை கணிசமாகக் குறைந்தது, உணவுடன் கொய்யா, தேசிக்காய் போன்ற உயிர்ச்சத்து சி நிறைந்தவற்றைச் சேர்ப்பதும் இரும்பு உட்செல்ல உதவும்.